ஒரே வட்டில் இரண்டு இயங்குதளம்: ஏழாண்டு அனுபவம்

அலுவலக வேலைக்கு மடிக்கணினியோடு வந்த இயங்குதளம், மற்ற எல்லாவற்றுக்கும் லினக்ஸ். 1 டிபி வட்டை இப்படிப் பங்கிட்டு ஏழு ஆண்டுகள் ஓட்டியிருக்கிறேன். அன்றாடப் பயன்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தலைவலியெல்லாம் நிறுவும்போதும் பதிப்பை உயர்த்தும்போதும்தான்.

முதல் அடி, கணினியோடு வந்த இயங்குதளத்தின் ஒரு பெரிய மேம்படுத்தலில் விழுந்தது. இரவு ஓடவிட்டுத் தூங்கினேன். காலையில் கறுப்புத் திரை. 'அப்படி ஒரு பார்ட்டிஷன் (வட்டில் பிரித்த பகுதி) இல்லை' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, அதன் கீழே 'கிரப் ரெஸ்கியூ'. கணினி எழும்போது எந்த இயங்குதளம் வேண்டும் என்று பட்டியல் காட்டி அதை ஏற்றும் நிரல்தான் கிரப்; 'ரெஸ்கியூ' அதன் அவசர நிலை. வட்டே போய்விட்டது என்று வயிறு கலங்கியது.

போகவில்லை. மேம்படுத்தல் என்னைக் கேட்காமலே 450 எம்பி மீட்புப் பார்ட்டிஷன் ஒன்றை நடுவில் செருகியிருந்தது. ஐந்தாம் எண்ணில் இருந்த லினக்ஸ் ஆறாம் எண்ணாகிவிட்டது. கிரப் தன் மீதிக் கோப்புகளை எண்ணை வைத்துத்தான் தேடும். அதற்குத் தெரிந்த எண் ஐந்து. வீடு அங்கேயே இருக்க, கதவிலக்கத்தை மட்டும் மாற்றிவிட்டார்கள்.

கைபேசியில் வழிமுறையைப் படித்தபடி, உள்ளே இருப்பதைப் பட்டியலிடும் 'எல்எஸ்' கட்டளையால் ஒவ்வொரு பார்ட்டிஷனாகத் தட்டிப் பார்த்தேன். ஆறாவதில் 'பூட்' அடைவு தெரிந்தது. கிரப் எங்கே தேட வேண்டும் என்று சொல்லும் பிரிஃபிக்ஸ், ரூட் என்ற இரண்டு அமைப்புகளையும் அதற்கு மாற்றி, வழக்கமான பட்டியலைக் காட்டும் 'நார்மல்' தொகுதியை ஏற்றியதும் பழைய பட்டியல் வந்து நின்றது. லினக்ஸுக்குள் போய் கிரப்பை மறுபடி நிறுவிய பிறகே நிலையாகச் சரியானது.

லினக்ஸும் லேசுப்பட்டதில்லை. சோதித்துப் பார்க்க இன்னொரு விநியோகத்தை (லினக்ஸின் வேறொரு வகையை) நிறுவினேன். அதன் நிறுவி, இரண்டுக்கும் பொதுவாக வைத்திருந்த ஸ்வாப் பார்ட்டிஷனை (நினைவகம் போதாதபோது கைகொடுக்கும் இடம்) புதிதாக ஃபார்மேட் செய்ததில் அதன் தனி அடையாளக் குறியான யுயுஐடி மாறிவிட்டது. பழைய லினக்ஸ், இல்லாத ஸ்வாப்புக்காக ஒவ்வொரு முறையும் ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டே எழுந்தது. வட்டு தேய்ந்துவிட்டது என்று இரண்டு மாதம் அதன்மேல் பழி போட்டேன். எழும்போது இணைக்க வேண்டிய பார்ட்டிஷன்களைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரியைத் திருத்தியதும் தீர்ந்தது.

இப்போது இருப்பது யுஇஎஃப்ஐ (கணினியை எழுப்பும் புதிய முறை) கணினி, ஜிபிடி (பார்ட்டிஷன் அட்டவணையின் புதிய வடிவம்) வட்டுகள். ஒரு வட்டில் நான்கு பிரைமரி (முதன்மை) பார்ட்டிஷன்தான் என்ற பழைய நெருக்கடி இல்லை. ஆனால் இரண்டாம் வட்டில் நிறுவச் சொன்ன லினக்ஸ், தன் பூட் கோப்புகளை முதல் வட்டின் 100 எம்பி இஎஸ்பியில் (பூட் கோப்புகளுக்கான தனிப் பார்ட்டிஷன்) கொண்டுபோய் வைத்தது. முதல் வட்டைக் கழற்றினால் இரண்டாவது எழவில்லை! அன்றிலிருந்து எதை நிறுவினாலும் மற்ற வட்டைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுத்தான் தொடங்குகிறேன். பார்ட்டிஷன் அட்டவணையின் நகல் ஒன்று பென்டிரைவில் இருக்கிறது. மடிக்கணினியின் அடிமூடியில் பத்துத் திருகாணிகள் இருந்தன. இப்போது எட்டுதான் மிச்சம்.