சாங்கியா, பாசிர் ரிஸ்ஸா, ஈஸ்ட் கோஸ்ட்டா?

சனிக்கிழமை காலை ஆறு வயது மகன் வாளியோடு வாசலில் நிற்பான். முழங்கால் வலியோடு இருக்கும் என் மாமியார், "நிழலாக உட்கார இடம் இருக்குமா?" என்பார். சிங்கப்பூரில் இருவருக்கும் ஒத்துவருகிற கடற்கரைதான் எனக்கு வேண்டும். நீந்துவதுதான் முக்கியம் என்றால் செந்தோசா தீவின் பலவான் கடற்கரைக்குப் போய்விடலாம்; அங்கே அலை அடங்கியிருக்கும். எங்கள் வீடு கிழக்கில் இருப்பதால் இந்தப் பக்கத்தை மட்டும் அலசுகிறேன்.

ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலம். நீளம் ஏறக்குறைய 15 கிலோமீட்டர். அந்த நீளம்தான் சிக்கலும். குழந்தைகள் ஏறும் விளையாட்டுக் கோபுரம் ஒரு கோடியில், குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சியான சாத்தே மணக்கும் உணவங்காடி வேறொரு கோடியில். 2024 ஜூனில் மரின் பரேடுக்கு ரயில் வந்தபிறகு போய்ச் சேருவது எளிதாகிவிட்டது. ஆனாலும் வார இறுதியில் சைக்கிள்கள் சீறிப் பாயும் பாதையை மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு கடப்பதற்குள் எனக்கு வியர்த்துவிடுகிறது.

பாசிர் ரிஸ்ஸில் மர நிழலுக்குக் குறைவில்லை. அலையாத்திக் காட்டுக்குள் போகும் மரப்பலகைப் பாதையில், சேற்றின்மேல் துடுப்பூன்றித் தாவும் மீன்களைப் பார்த்து மகன் அரை மணி நேரம் அசையாமல் நின்றான். அது அவனுடைய சாதனை. மாலையில் மட்டும் அங்கே தங்காதீர்கள். கண்ணுக்கே தெரியாத மணல் பூச்சிகள் கடித்த தடிப்பு எனக்கு ஒரு வாரம் அடங்கவில்லை.

என் ஓட்டு சாங்கிக்கு. கடற்கரை வரை ரயில் கிடையாதுதான், தானா மேரா ரயில் நிலையத்தில் இறங்கி 2ஆம் எண் பஸ் பிடிக்க வேண்டும். ஆனால் சாங்கி வில்லேஜில் இறங்கியதும் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு, சிறு பாலம் ஒன்றைக் கடந்தால் கடல், எதிரே உபின் தீவு. விமானங்கள் தலைக்குமேல் தாழப் பறந்து தரையிறங்கப் போகும். மாமியார் பெஞ்சில் அமர்ந்து, புளிசாதப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டே, அவற்றை எண்ணுவார். கடல் வற்றும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது. போன முறை ஈர மணலில் கிடந்த சங்கு ஒன்று நகர்ந்தது. மகன் எடுத்து உள்ளங்கையில் வைத்தான். உள்ளிருந்து முதலில் ஒரு கால், பிறகு இரண்டு கண்கள். துறவி நண்டு! வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று அடம் பிடித்தவனைச் சமாதானப்படுத்தி, எடுத்த இடத்திலேயே விடவைத்தோம்.

எந்தக் கடற்கரையானாலும் நீரில் இறங்குமுன் தேசியச் சுற்றுப்புற வாரியம் வெளியிடும் நீர்த்தரத் தகவலைப் பார்த்துவிடுங்கள்.

திரும்பும்போது, 12 பேர் சேர்ந்ததும் புறப்படும் படகில் உபினுக்கும் போகலாமா என்று மகன் கேட்டான். மாமியார் அதற்குள் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தார்.