யூரியாவா, நைட்ரேட்டா? மரத்தில் தொற்றி வளரும் செடிகளுக்கு எது சரி

காய்ந்த ஆர்க்கிட் வேர் சாம்பல் வெள்ளையாக இருக்கும். தண்ணீர் பட்டதும் நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சையாகிவிடும். வேரைச் சுற்றியிருக்கும் வெலமன் என்ற பஞ்சு உறை நீரைக் குடித்ததும், உள்ளே இருக்கும் பச்சையம் வெளியே தெரிகிறது. காட்டில் அதற்கு அதுதான் சாப்பாட்டு நேரம். மழையின் முதல் சில நிமிடங்களில் இலையிலும் பட்டையிலும் படிந்த தூசி, பறவை எச்சம், மக்கிய சருகின் சாறு எல்லாம் கரைந்து வழியும். அதற்கப்புறம் வருவது ஏறக்குறைய வெறும் தண்ணீர்தான்.

அந்த முதல் வழிசலில் தழைச்சத்து (நைட்ரஜன்) அமோனியமாகவும் நைட்ரேட்டாகவும் கரிம வடிவிலும் கலந்தே இருக்கும். வீட்டில் வளர்ப்பவர்தான் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

யூரியாவில் 46% தழைச்சத்து. மலிவு, சட்டென்று கரையும். “மண் இல்லாத இடத்தில் அதை உடைக்க பாக்டீரியா ஏது, எல்லாம் வீண்” என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்புதல் இல்லை. இலைகளுக்கு நடுவே தண்ணீர் தேக்கும் பிரோமிலியட்டுகளில் (அன்னாசிக் குடும்பச் செடிகள்) தவளையும் பூச்சிகளும் கழிப்பதே உரம். அவற்றில் வ்ரீசியா ஜைகான்டியா என்ற இனம் யூரியாவை அப்படியே உறிஞ்சும். அதை உடைக்கும் யூரியேஸ் நொதியைத் தானே சுரக்கவும் செய்யும். தண்ணீர் தேங்கி நிற்பதால் அதற்கு அவகாசமும் இருக்கிறது.

பலகையில் கட்டிய ஆர்க்கிட்டுக்கு அந்த அவகாசம் இல்லை. தாவரவியலாளர்கள் சோட்ஸும் விங்க்லரும் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, வெலமன் மின்னூட்டமுள்ள அயனிகளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மின்னூட்டம் இல்லாதவை வெளியே கசிந்துவிடுகின்றன. நைட்ரேட்டும் அமோனியமும் அயனிகள், யூரியா அப்படியல்ல. அதனால் பலகைச் செடிக்கு நான் நைட்ரேட் பக்கம்தான்.

மரப்பட்டைத் துண்டுகள் நிரப்பிய தொட்டி என்றால் கதை வேறு. பட்டையை மக்கவைக்கும் நுண்ணுயிர்களே தழைச்சத்தில் பங்கு கேட்கும். தழைச்சத்து கூடுதலான 30-10-10 உரத்தை (தழை, மணி, சாம்பல் சத்துகளின் அளவு) பழைய ஆட்கள் சிபாரிசு செய்ததற்குக் காரணம் அதுதான்.

மூன்றாவது வழி, குப்பை. மான்கொம்புப் பெரணிக்கு அடி இலையின் பின்னால் காய்ந்த சருகைச் செருகினாலே போதும். டிஸ்கிடியா மேஜர் என்ற தொற்றுச்செடி தன் பை போன்ற இலைகளில் எறும்புகளைக் குடிவைத்து, அவை கொண்டுவந்து போடும் குப்பையிலிருந்து தன் தழைச்சத்தில் 29 சதவீதத்தைப் பெறுவதாக அளந்திருக்கிறார்கள். அதை வீட்டில் செய்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அளவில்தான் பலரும் கோட்டை விடுகிறோம். லிட்டருக்கு 50 மில்லிகிராம் தழைச்சத்து வேண்டுமானால் யூரியா 0.11 கிராம், 15.5% தழைச்சத்துள்ள கால்சியம் நைட்ரேட் 0.32 கிராம். ஒருமுறை கண்ணளவில் யூரியாவைக் கொட்டி, இலை நுனிகள் கருகிய பிறகுதான் சின்னத் தராசு வாங்கினேன். முதலில் வெறும் தண்ணீரில் வேரை நனைத்துவிட்டு உரம் ஊற்றும் பழக்கத்தையும் விட்டுவிட்டேன். இவ்வளவு நீர்த்த கரைசலைக் காய்ந்த வெள்ளை வேரில் நேராக ஊற்றினால்தான் அந்தப் பஞ்சு அதைக் குடிக்கும்.