கறுப்பு ட்ரங்க் பெட்டி: டெல்லி கன்டோன்மென்டிலிருந்து ஊர் திரும்பும் குடும்பங்களுக்கு

படைவீரர் குடும்பத்துக்குக் கறுப்பு ட்ரங்க் புதுப்பொருள் இல்லை. ஒவ்வொரு போஸ்டிங்கிலும் ஒன்றிரண்டு கூடும், ஒவ்வொரு குவார்ட்டர்ஸிலும் அவற்றை அடுக்கி மேலே மெத்தை விரித்துத் திவானாக்கி உட்காருவோம். ஆனால் பென்ஷன் வாங்கி ஊர் திரும்பும்போது வாங்குகிற பெட்டிக்குக் கணக்கே வேறு. சர்வீஸில் இருக்கும்போது பெட்டி மூன்று வருடம் தாங்கினால் போதும். கடைசி மாறுதலில் வாங்குவது ஊர் வீட்டில் பரணிலோ கட்டிலுக்கு அடியிலோ இருபது வருடம் கிடக்கப் போகிறது. அதனால் எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: எண்ணிக்கையைக் குறையுங்கள், கனமான தகட்டில் வாங்குங்கள், நடுத்தர அளவுக்கு மேல் போகாதீர்கள், கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே ஆர்டர் கொடுங்கள்.

டெல்லி கன்டோன்மென்டில் சதர் பஜார், கோபிநாத் பஜார் பக்கம் இந்தப் பெட்டிகளைக் கேட்டு விசாரிக்கலாம். மார்ச் முதல் மே வரை கூட்டம் அதிகம். டெல்லியில் கேந்திரிய வித்யாலயா வகுப்பு ஏப்ரலில் தொடங்கிவிடும், தமிழ்நாட்டில் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகள் ஜூனில்தான் திறக்கும். அந்த இடைவெளியில் எல்லோரும் ஒரே சமயத்தில் கிளம்புகிறார்கள். அவசரத்தில் செய்யப்படும் பெட்டியில் முதலில் அடிபடுவது பெயின்ட் வேலை.

தகட்டின் கனம்தான் முக்கியம். அதைக் ‘கேஜ்’ எண்ணால் சொல்வார்கள், எண் கூடக் கூடத் தகடு மெலிசு. 22 கேஜ் என்றால் கிட்டத்தட்ட 0.7 மி.மீ., 24 கேஜ் 0.55-ஐ ஒட்டி, 26 கேஜ் அரை மில்லிமீட்டருக்கும் கீழே. கடையில் ‘பாயீஸ் (இந்தியில் 22) கேஜ்’ என்று கேட்டால் 22 தருவார்கள். தருவது 22 தானா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, பெயின்ட் அடித்த பிறகு சுத்தமாக முடியாது. தராசு சொல்லிவிடும். 30×18×12 அங்குலக் காலிப் பெட்டி 22 கேஜில் கைப்பிடி, கொண்டி, கீல் எல்லாம் சேர்த்து 10 கிலோவை ஒட்டி இருக்கும். 24 கேஜில் 8 கிலோ. ஆறரை, ஏழு காட்டினால் தகடு அதைவிட மெலிசு. 36×22×16 அங்குலப் பெட்டி 22 கேஜில் 15 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும், 24 கேஜில் 12, 13. எனவே விலை பேசும்போது அளவு, கேஜ், எடை மூன்றையும் சேர்த்துச் சொல்லிப் பேசுங்கள். ‘பெட்டி எவ்வளவு’ என்று மட்டும் கேட்டால் மெலிசான பெட்டியின் விலைதான் முதலில் வரும்.

மெலிசான பெட்டி எங்கே தோற்கும்? லாரியில் ஒன்றன் மேல் ஒன்றாக நான்கு அடுக்கும்போது மூடியின் நடுப்பகுதி உள்ளே குழிந்துவிடும். குழிந்ததும் மூடியின் விளிம்பு வெளியே விரியும், கொண்டி நாதாங்கியில் சேராது, பூட்டு போட முடியாது. வாங்கும்போதே மூடியின் நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பாருங்கள். ‘டப்’பென்று உள்ளே போய் ‘டப்’பென்று திரும்பினால் அந்தப் பெட்டி அடியில் வைக்க லாயக்கில்லை. மூடியில் குறுக்காக இரண்டு புடைப்பு வரிகள் அடித்திருந்தால் அதே தகடு எவ்வளவோ விறைப்பாக நிற்கும்.

அடுத்தது கைப்பிடி. பெரும்பாலான பெட்டிகளில் கைப்பிடியை வெறும் தகட்டிலேயே ரிவெட் அடித்திருப்பார்கள். 40 கிலோ சுமையுடன் நான்கு முறை தூக்கினால் ரிவெட் துளை நீளவாக்கில் கிழியும். உள்பக்கம் ரிவெட்டுக்கு அடியில் பட்டைத் தகடு கொடுத்திருக்கிறார்களா என்று விரலால் தடவிப் பாருங்கள். இல்லையென்றால் போட்டுத் தரச் சொல்லுங்கள், சின்ன வேலைதான். 30 அங்குலப் பெட்டிக்கு இரண்டு கீல் போதும், 36-க்கு மூன்று வேண்டும். கீலின் கம்பி இரு முனையிலும் மடக்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் லாரி குலுக்கலில் நழுவி வெளியே வரும். மூடியைப் பின்னால் சாயாமல் பிடிக்கும் சங்கிலி இரண்டு பக்கமும் இருக்கட்டும். ஒரு பக்கம் மட்டும் இருந்தால் மூடி முறுக்கிக்கொள்ளும்.

கடையிலேயே செய்து பார்க்க இன்னொரு சோதனை உண்டு. மொபைல் டார்ச்சை எரியவிட்டுப் பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். நிழலான மூலைக்கு இழுத்துப் போய் அடிப்பகுதி மூலைகளையும் மடிப்புகளையும் பாருங்கள். ஊசிமுனை வெளிச்சம் தெரியும் இடமெல்லாம் மழைத்தண்ணீர் ஏறும் இடம். மூலைகளில்தான் அதிகம் தெரியும், அங்கே தகட்டை வெட்டி மடிப்பார்கள். பெயின்டுக்கு முன்பே பார்த்துவிட்டால் அடைத்துக் கொடுப்பார்கள். மூடியின் விளிம்பு பெட்டியின் மேல் குறைந்தது இரண்டு அங்குலம் இறங்கியிருக்க வேண்டும். ஜூலையில் நாக்பூரைத் தாண்டும் லாரியில் தார்ப்பாய் ஒழுகினால் அந்த இரண்டு அங்குலம்தான் புடவையைக் காப்பாற்றும்.

பெயின்ட் விஷயத்தில் ஊரைப் பார்த்து முடிவெடுங்கள். வேலூர், தேனி, மதுரை, திருச்சி என்று கடலிலிருந்து தள்ளி இருக்கும் ஊர்களுக்குப் போகிறவர்களுக்குச் சாதாரணத் தகட்டில் ரெட் ஆக்ஸைடு பிரைமர் ஒரு கோட், கறுப்பு எனாமல் இரண்டு கோட் போதும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி, கன்னியாகுமரி என்று உப்புக்காற்று வீசும் ஊராக இருந்தால் ஜி.ஐ. தகட்டில், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டில், செய்யச் சொல்லுங்கள், பெயின்டே வேண்டாம். துத்தநாகப் பூச்சின் மேல் சாதாரண எனாமல் நிற்காது, ஓரிரு வருடத்தில் தோல் தோலாக உரியும். ‘ஜி.ஐ. தகட்டில் கறுப்பு பெயின்ட் அடித்துத் தருகிறேன்’ என்று கடைக்காரர் சொன்னால், அதற்கென்று உள்ள பிரைமரை அடிப்பாரா என்று கேளுங்கள். வெள்ளி நிறத்தில் இருக்கும் பெட்டி பார்க்க ராணுவப் பெட்டி மாதிரி இருக்காதுதான். இருந்தாலும் கடலோர வீட்டில் பத்து வருடம் கழித்து அடிப்பாகம் அரிக்காமல் இருக்கும்.

எனாமல் சில மணி நேரத்தில் கைக்கு ஒட்டாமல் காயும், ஆனால் கெட்டிப்பட ஒரு வாரமாவது ஆகும். டெல்லி டிசம்பர், ஜனவரியில் இன்னும் இழுக்கும். காயாத பெட்டிகளை அடுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது பெயின்ட் பிய்ந்து வரும். உள்ளே வைக்கும் பட்டுப்புடவையில் ஏறும் டர்பன்டைன் வாசம் எத்தனை முறை உதறினாலும் போகாது. இரண்டு மாதம் முன்பே ஆர்டர் கொடுக்கச் சொல்வது இதனால்தான். வாங்கி வந்து மூடியைத் திறந்தபடி பால்கனியில் பத்து நாள் வையுங்கள்.

பெட்டியின் மேல் எழுதுவதிலும் பழைய பழக்கத்தை மாற்றுங்கள். நம்பர், ரேங்க், யூனிட் பெயர் என்று எழுதுவது சர்வீஸ் மாறுதலுக்குச் சரி. தனியார் லாரியில், பல வீட்டுச் சாமானோடு போகும் பெட்டியில் அதெல்லாம் தேவையில்லை, எழுதாமல் இருப்பதே பாதுகாப்பு. இனிஷியலோடு பெயர், போகும் ஊர், 7/14 (பதினான்கில் ஏழாவது பெட்டி) என்று வரிசை எண் மட்டும் போதும். மூடியில் மட்டும் எழுதினால் அடுக்கியபின் தெரியாது; முன்பக்கமும் ஒரு விலாப்பக்கமும் எழுதச் சொல்லுங்கள். பெட்டியில் என்ன இருக்கிறது என்ற பட்டியலை மூடியின் உள்பக்கம் ஒட்டி, ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எதை வைப்பது என்பதில்தான் பெட்டியின் நல்லது கெட்டது தெரியும். 36×22×16 பெட்டியின் கொள்ளளவு சுமார் 200 லிட்டர். அதில் புத்தகத்தை நிரப்பினால் நூறு கிலோவைத் தாண்டும், யாராலும் தூக்க முடியாது, அடித்தகடு பிரியும். புத்தகத்துக்கும் வெண்கல, பித்தளைப் பாத்திரத்துக்கும் 30×18×12 பெட்டிதான் சரி. அதிலும் பாதி வரை கனமான சாமான், மேல்பாதியில் துணி. இரண்டு பேர் சிரமமில்லாமல் தூக்க மொத்தம் 45 கிலோவுக்குள் நிறுத்துங்கள். 36 அங்குலத்தில் துணி, திரைச்சீலை, போர்வை. சவப்பெட்டி போலத் தெரியும் 42 அங்குலப் பெட்டியைக் காட்டிக் கடைக்காரர் ஆசை மூட்டுவார், வாங்கவே வாங்காதீர்கள். காலியாகவே மாடிப்படியில் திரும்பாது.

கொலு பொம்மைக்கு ட்ரங்கை விடச் சிறந்தது கிடையாது, ஒரு நிபந்தனையோடு. மண் பொம்மை தகட்டில் நேராகப் படக் கூடாது. டெல்லிக் குளிருக்கு வாங்கிய ரஜாய் ஊரில் யாருக்கும் உதவாது. அதைப் பிரித்தால் வரும் பஞ்சை அடியில் இரண்டு அங்குலம் பரப்புங்கள். ஒவ்வொரு பொம்மையையும் பழைய வேட்டித் துண்டில் சுற்றி, கழுத்துப் பகுதிக்குக் கூடுதலாக ஒரு சுற்று கொடுத்து, நின்ற நிலையில் வையுங்கள். படுக்க வைத்தால் மூக்கும் விரலும்தான் முதலில் போகும். இடைவெளிகளில் மீதிப் பஞ்சை அடைத்து மூடியை மூடி, பெட்டியை லேசாக ஆட்டுங்கள். உள்ளே சத்தமே கேட்கக் கூடாது. கேட்டால் திறந்து இன்னும் அடையுங்கள். மேல்பக்கம் எது என்று அம்புக்குறி போட மறக்க வேண்டாம்.

பட்டுப்புடவையைப் பிளாஸ்டிக் கவரில் போடாதீர்கள், பழைய வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றுங்கள். அந்துருண்டை ஜரிகையில் நேராகப் படக் கூடாது. வசம்பைத் துணியில் முடிந்து மூலையில் போடுவது இன்னும் நல்லது. துணிப்பெட்டிகளைப் பனிமூட்டம் உள்ள காலையில் கட்டாதீர்கள். பருத்தித்துணி காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்; பெட்டி தெற்கே வெயிலில் சூடேறும்போது அந்த ஈரம் வெளியேறி, இரவில் மூடியின் உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்துத் துணி மேலேயே சொட்டும். பூஞ்சை வாடையும் துருக்கறையும் அப்படித்தான் வருகின்றன. மதியம் வெயிலில் ஒரு மணி நேரம் விரித்துவிட்டு, ஆறியதும் அடுக்குங்கள்.

வெட் கிரைண்டருக்கு ட்ரங்க் வேண்டாம், கல்லைத் தனியே எடுத்து மரச்சட்டப் பெட்டியில் அனுப்புங்கள். தலையணைக்கு நல்ல அட்டைப்பெட்டி போதும். பிபிஓ (பென்ஷன் ஆணை), டிஸ்சார்ஜ் புக், ஈசிஹெச்எஸ் (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்ட) அட்டை, மெடல்கள், பிள்ளைகளின் டி.சி. இவை எந்தப் பூட்டுக்குள்ளும் போகக் கூடாது, கைப்பையில்தான் வர வேண்டும்.

ரயிலில் கூடவே ஒரு பெட்டி எடுத்துப்போக நினைக்கிறவர்கள் அளவைக் கவனியுங்கள். ஸ்லீப்பர் வகுப்பில் கூடவே வைத்துக்கொள்ள அனுமதிக்கும் பெட்டியின் அளவு 100×60×25 செ.மீ.; மூன்றடுக்கு ஏசியில் 55×45×22.5 செ.மீ. மட்டுமே. இரண்டிலும் ஆளுக்கு 40 கிலோ இலவசம். நம்முடைய 30×18×12 பெட்டி செ.மீ. கணக்கில் 76×46×30. எடை சரியாக இருந்தாலும் உயரத்தில் இடிக்கும், ஏசியில் பேச்சே இல்லை. திருக்குறள் எக்ஸ்பிரஸுக்கு நிஜாமுதீனிலோ, தமிழ்நாடு எக்ஸ்பிரஸுக்குப் புதுடெல்லியிலோ பார்சல் அலுவலகத்தில் லக்கேஜாகப் பதிந்து, அதே ரயிலில் சாமான் ஏற்றும் பிரேக் வேனில் போடுவதே வழி. நேரம் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.

லாரியில் அனுப்பினால் சாமான் எடையை முன்கூட்டியே கூட்டிப் பாருங்கள். ஏழாவது ஊதியக் குழு விதிப்படி சம்பள நிலை 4 வரை 1500 கிலோ, 5-க்கு 3000, 6 முதல் மேலே 6000 கிலோ வரை அரசுச் செலவில் அனுப்ப அனுமதி. 36 அங்குலப் பெட்டி பத்து இருந்தால் காலி எடையே 150 கிலோ. சின்ன அனுமதி உள்ளவர்களுக்கு இது பெரிய விஷயம். எண்ணிக்கையைக் குறைக்கச் சொன்னதற்கு இதுவும் காரணம். பழைய மெலிசுப் பெட்டிகளைப் புதிதாக போஸ்டிங் வரும் குடும்பங்களிடம் கடைசி மாதத்துக்கு முன்பே விற்றுவிடுங்கள். குவார்ட்டர்ஸ் ஒப்படைக்கும் வாரத்தில் பழைய இரும்பு விலைதான் கிடைக்கும்.

ஊர் வந்ததும் பெட்டியைத் தரையில் நேராக வைக்காமல், ஒன்றரை அங்குல மரச்சட்டம் இரண்டின் மேல் வையுங்கள். சாதாரணத் தகடாக இருந்தால் அடிப்பாகத்துக்குத் தார் பெயின்ட் ஒரு கோட் அடித்துவிடுங்கள். அதற்கு முன், லாரி வாசலில் நிற்கும்போதே வரிசை எண்ணைச் சரிபார்த்து, நசுங்கிய பெட்டியையும் உடைந்த பூட்டையும் போட்டோ எடுத்து, டெலிவரி ரசீதில் அதை எழுதிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். ‘எல்லாம் சரியாக வந்தது’ என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டால் இன்ஷூரன்ஸ் கேட்பது பெரும்பாடு.