டேப்பர் துளையில் பவுடர் கோட்டிங்: ஸ்டிரிப்பரா, ரீமரா, சாண்ட் பிளாஸ்டிங்கா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரக் கடற்காற்றில் துருப்பிடிக்காமல் இருக்க, பக்கி என்று இங்கே அழைக்கும் பிக்கப்களின் நக்கிளையும் (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) கன்ட்ரோல் ஆர்மையும் (அதை வண்டியோடு இணைக்கும் கை) பவுடர் கோட்டிங்குக்குக் (பொடியைச் சூட்டில் உருக்கி ஒட்டவைக்கும் பூச்சு) கொடுப்பது உண்டு. துளைகளை அடைக்காமல் கொடுத்தால், பால் ஜாயிண்ட் என்ற உருண்டை மூட்டின் கூம்புத் தண்டு (ஸ்டட்) உட்காரும் டேப்பர் என்ற கூம்புத் துளைக்குள்ளும் பூச்சு ஏறிவிடும்.

அதோடு மாட்டினால் என்ன ஆகும்? பவுடர் பூச்சு சாதாரணமாக 60 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும். 80 என்று வையுங்கள்: விட்டம் 0.16 மி.மீ. குறையும். 1:8 டேப்பரில் (8 மி.மீ. நீளத்துக்கு விட்டம் 1 மி.மீ. மாறும்) ஸ்டட் அதன் எட்டு மடங்கு, கிட்டத்தட்ட 1.3 மி.மீ., முன்னதாகவே நின்றுவிடும். நட்டின் இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் சரியான அளவையே காட்டும். ஆனால் ஓட்டத்தில் பூச்சு நசுங்க நசுங்க நட்டின் பிடி தளரும். ஸ்டட் துளைக்குள் அசையும், கடைசியில் விரிசல் விடும்.

துளையின் உட்சுவரைச் சீவும் பல் கருவியான ரீமர்தான் வேகமான வழி; பலருடைய கை முதலில் போவதும் அதற்கே. அதுவே ஆபத்து. பூச்சு பற்களை அடைத்து ரீமரை அதிரவிடும், பூச்சு தீர்ந்ததும் அடுத்து இரும்பைத் தின்னும். விட்டத்தில் 0.1 மி.மீ. கூடினால் ஸ்டட் 0.8 மி.மீ. கூடுதலாக உள்ளே போகும். மரை தீர்ந்து, இறுக்கம் வரும் முன்பே நட் முட்டி நிற்கலாம். 1:10 துளையில் 1:8 ரீமரை விட்டால் அந்த நக்கிள் குப்பைக்குத்தான்.

மணலைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சும் சாண்ட் பிளாஸ்டிங் துளை விளிம்பை மழுக்கும், சுவரைச் சொரசொரப்பாக்கும். அந்த மேடுகள் பின்னால் நசுங்கினால் பிடி மறுபடி தளரும். டார்ச்சால் சுடுவதை அலுமினிய நக்கிளில் நினைக்கவே வேண்டாம், வலு போய்விடும்.

எங்கள் தேர்வு, பூச்சை இளக்கி உரிக்கும் கெமிக்கல் ஸ்டிரிப்பர். வெளிப்புறத்தை டேப்பால் மறைத்து, ஜெல் வகையைத் துளைக்குள் மட்டும் தடவுங்கள். பூச்சு கொப்பளித்ததும் பிளாஸ்டிக் குச்சியால் சுரண்டி, ஸ்காட்ச்-பிரைட்டைக் கையால் சுழற்றித் துடையுங்கள். மெதுவான வேலைதான், ஆனால் உலோகம் குறையாது. மெத்திலீன் குளோரைடு வகை வேகமானது. அதன் ஆவி கெட்டது, நைட்ரைல் கையுறையைச் சில நிமிடங்களில் ஊடுருவும். பென்சைல் ஆல்கஹால் வகைக்கு மணிக்கணக்கில் பொறுமை வேண்டும். எதுவானாலும் பால் ஜாயிண்டை மூடும் ரப்பர் உறையில் (பூட்) படக் கூடாது. காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரிக்கும். ஈரக்காற்றில் வெறும் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதால் அன்றே மாட்டுங்கள்.

புது ஸ்டட்டில் கம்பெனி போட்ட மெல்லிய துத்தநாகப் பூச்சைச் சுரண்ட வேண்டாம். எண்ணெயை மட்டும் துடைத்தால் போதும்.

மாட்டுமுன் ஸ்டட்டில் மார்க்கிங் புளூ என்ற நீலச் சாயப் பசையை மெலிதாகத் தடவி அழுத்திப் பாருங்கள். நீலம் முக்கால் பங்குக்காவது சீராகப் பதிய வேண்டும். ஒரு முனையில் வளையமாக மட்டும் பதிந்தால் பூச்சு மிச்சம் இருக்கிறது, இல்லாவிட்டால் டேப்பர் மாறியிருக்கிறது. பிறகு நீலத்தைத் துடைத்து, கிரீஸ் போடாமல் உலர்வாக இறுக்குங்கள். நட் கழலாமல் தடுக்கும் ஸ்ப்ளிட் பின்னுக்கான துளை நேராக வராவிட்டால் நட்டை அடுத்த வெட்டு வரை இறுக்க வேண்டுமே தவிர, பின்னால் தளர்த்தக் கூடாது.