திறந்தவெளி நடையா, டிரெட்மில் நடையா?

உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடலுழைப்பைப் பரிந்துரைக்கின்றன. இந்த அளவை டிரெட்மில்லில் நடந்தும் எட்டலாம், வெளியே நடந்தும் எட்டலாம். இதயத்துக்குக் கிடைக்கும் பயனில் பெரிய வேறுபாடு இல்லை.

மனத்தைப் பொறுத்தவரை நிலைமை வேறு. மேகம் மூடிய பகலில்கூட வெளியே பல ஆயிரம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்கும். வீட்டறைகளில் அது பெரும்பாலும் சில நூறைத் தாண்டுவதில்லை. காலை வெளிச்சம் கண்வழியே மூளையின் உயிரியல் கடிகாரத்தைச் சீராக்குவதால், இரவு உறக்கமும் உரிய நேரத்தில் வருகிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வொன்றில், இயற்கைச் சூழலில் 90 நிமிடங்கள் நடந்தவர்களிடம் கவலைகளையே திரும்பத் திரும்ப அசைபோடும் போக்கு குறைந்திருந்தது. போக்குவரத்து மிகுந்த சாலையோரம் நடந்தவர்களிடம் அந்த மாற்றம் காணப்படவில்லை. ஆகவே, வெளியே நடப்பவர்களும் எங்கே நடக்கிறோம் என்பதைக் கவனித்தே ஆக வேண்டும்.

மேடுபள்ளமான தரை கணுக்கால்களுக்கும் உடலின் சமநிலைக்கும் கூடுதல் பயிற்சி தருகிறது. எனவே என் தேர்வு திறந்தவெளியே. காற்று மாசும் வெயிலும் கடுமையாக உள்ள நாள்களில் மட்டும், தயங்காமல் டிரெட்மில்லுக்கு மாறிக்கொள்ளலாம்.