முடி வெட்டும் கிளிப்பர்: ஐந்துக்கு நான்கு நட்சத்திரம்

பெட்டியின் மேல் தாடி வைத்த ஓர் ஆண். கையேட்டின் முதல் வரியிலேயே ‘ஆண்களுக்கான’. நான் பெண், தலைமுடியை 3 மி.மீ. அளவுக்கு ஒட்ட வெட்டிக்கொள்பவள். இந்த இயந்திரம் ஆள் பார்த்து வேலை செய்வதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இதை வாங்க வைத்தது ஓர் அழகு நிலையம். ஒட்ட வெட்டுங்கள் என்றேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, “வீட்டில் கேட்டுவிட்டீர்களா?” என்றார் அந்தப் பெண். நாற்பது வயதைக் கடந்தவளிடம் கேட்கிற கேள்வி! எழுந்து வந்துவிட்டேன்.

3, 6, 9, 12 மி.மீ. சீப்புகள் கூடவே வருகின்றன. புதிதாக வெட்டுகிறவர்கள் 12-இல் தொடங்குங்கள். நீளமான முடியை முதலில் கத்தரிக்கோலால் குறைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பிளேடு கவ்விக்கொண்டு இழுக்கும். முடி வளரும் திசைக்கு எதிராக ஓட்டுவதுதான் பொது விதி. உச்சிச் சுழியில் அது செல்லாது. எல்லாப் பக்கமிருந்தும் மாற்றி மாற்றி ஓட்டினால்தான் சமமாகும். காதுமடலை விரலால் மடக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். பிடரிக்கு இன்னொரு கண்ணாடி கட்டாயம் வேண்டும். சற்று நேரத்தில் பிளேடு சூடாகிறது. இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் சூடும் சத்தமும் அடங்குகின்றன.

வெட்டிய பிறகு நடப்பதைப் பற்றிக் கையேட்டில் ஒரு வரிகூடக் கிடையாது. “உடம்புக்கு என்ன?” என்று லிஃப்டில் தாழ்ந்த குரலில் கேட்பார்கள். நோய் என்றால் கையைப் பற்றிக்கொள்ளத் தயார், துக்கம் என்றால் கூட அழவும் தயார். “ஒன்றுமில்லை, எனக்கு இப்படிப் பிடித்திருக்கிறது” என்றதும் முகத்திலிருந்த கனிவு அத்தனையும் வடிந்துவிடும். “பரவாயில்லை, வளர்ந்துவிடும்” என்று அலுவலகத்தில் ஒருவர் ஆறுதல் சொன்னார். வளரவிடுவதாக இல்லை என்றேன். அன்றிலிருந்து நான் பிடிவாதக்காரி. மொட்டைத்தலையை எல்லோரும் பொறுத்துக்கொள்கிறார்கள். காரணம் சொல்லாத மொட்டைத்தலையைத்தான் பொறுக்க முடியவில்லை.

ரஷ்யாவின் முதலாம் பீட்டர் 1698-இல் தாடிக்கு வரி போட்டார். கட்டியவர்களுக்கு ஓர் உலோக வில்லை கிடைக்கும். 1705-ஆம் ஆண்டு வில்லையில் மீசையும் தாடியும் பொறித்து, ‘பணம் பெறப்பட்டது’ என்று எழுதியிருந்தார்கள். அதைக் காட்டிவிட்டுத் தாடியோடு நிம்மதியாக நடமாடலாம். லிஃப்டில் என்னிடம் கேட்பவர்களும் அப்படி ஒரு வில்லையைத்தான் தேடுகிறார்கள். மருத்துவர் எழுதிய சீட்டு ஒன்றை நீட்டினால் வழிவிட்டுவிடுவார்கள்.

வில்லைக்கு வழியில்லாத ஜோசப் பால்மரின் பாடு இன்னும் மோசம். 1830-இல் அமெரிக்காவில், தாடி வைத்திருந்த குற்றத்துக்காக நான்கு பேர் அவரைப் பிடித்து அமுக்கிச் சிரைக்கப் பார்த்தார்கள். எதிர்த்துப் போராடியவருக்குத்தான் அபராதம். கட்ட மாட்டேன் என்று ஓராண்டுக்கும் மேல் சிறையில் கிடந்தார். தாடி வைத்ததற்காகத் துன்புறுத்தப்பட்டவர் என்று அவர் கல்லறையிலேயே பொறித்திருக்கிறது. 1861-இல் அதே நாட்டில் லிங்கன் தாடியோடு அதிபர் பதவி ஏற்றார். அதற்குள் தாடி கனவான்களின் அடையாளமாகியிருந்தது, யாரும் யாரையும் காரணம் கேட்கவில்லை.

சரி, கிளிப்பருக்கு வருகிறேன். ஒரு நட்சத்திரம் குறைந்ததற்குக் காரணம் 3 மி.மீ. சீப்பின் கொக்கி. மெல்லிய பிளாஸ்டிக், கழற்றி மாட்டும்போது ஒடிந்துவிட்டது. வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். கடிதத்தின் அடியில் என் முழுப்பெயரும் இருந்தது, பெண் பெயர் என்று யாருக்கும் தெரியும். ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று பதில் வந்தது. மாற்றுச் சீப்பை மட்டும் பணம் கேட்காமல் அனுப்பிவைத்தார்கள். இதன் கொக்கி பழையதைவிடத் தடிமனாக இருக்கிறது.