'தாழி'யைத் 'தாலி' ஆக்கிய இதழ்: கவிதை அனுப்பும் முன் படியுங்கள்

அறிபுனை, அதாவது சயின்ஸ் ஃபிக்‌ஷன் கவிதைகளுக்கென்றே சிறப்பிதழ் கொண்டுவருகிறோம் என்று ஓர் இணைய இதழின் அறிவிப்பு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. போன சித்திரையிலும் இதே அறிவிப்பு, இதே படத்தோடு வந்தது. நம்பி அனுப்பியவர்களில் நானும் ஒருத்தி. இந்தத் தடவை பாளையங்கோட்டைக் கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் "அக்கா, அனுப்பலாமா?" என்று கேட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

என் கவிதை ஆதிச்சநல்லூரைப் பற்றியது. தாமிரபரணிக் கரையில், இறந்தவர்களைத் தாழி என்ற பெரிய மண்பானையில் வைத்துப் புதைத்த பழங்கால இடுகாடு அது. ஜாகோர் என்ற ஜெர்மானியர் அங்கே முதன்முதலில் தோண்டியது 1876-இல். என் கவிதையில், அதற்கு 2000 வருஷம் கழித்து, 3876-இல், தாமிரபரணி வற்றிப்போன காலத்தில் ஒருத்தி அதே மேட்டில் ஒரு தாழியைத் திறக்கிறாள். உள்ளே எலும்பு இல்லை, ஆற்றுச் சத்தம் மட்டும் இருக்கிறது. இப்போது ஆதிச்சநல்லூரில் கண்ணாடித் தரைக்குக் கீழே தாழிகளை இருந்த இடத்திலேயே காட்டுகிறார்கள். அதன்மேல் நின்று குனிந்து பார்த்த அன்றைக்குத் தோன்றியது. 42 வரி எழுதி முடிக்க மூன்று மாதம் ஆனது.

இப்படிப்பட்ட கவிதைக்குத் தமிழில் இடம் குறைவு. நான் அனுப்பிய அச்சு இதழ்களில் "இது கதை மாதிரி இருக்கே" என்றுதான் சொன்னார்கள். அதனால் அந்த அறிவிப்பைப் பார்த்ததும் மனசு துள்ளிவிட்டது. வாசிப்புக் கட்டணம் 300 ரூபாய் என்றிருந்தது. யோசிக்காமல் ஜிபே செய்தேன். பஸ்ஸில் வண்ணார்பேட்டை தாண்டும்போது போனிலேயே படிவத்தை நிரப்பி, நிபந்தனைகளைத் திறந்துகூடப் பார்க்காமல் கட்டத்தில் டிக் அடித்தேன்.

நாலே நாளில் தேர்வாகிவிட்டது என்று மின்னஞ்சல். பாராட்டு நிறைய இருந்தது. தாழி, ஆறு, ஆதிச்சநல்லூர் என்று ஒரு சொல் இல்லை. அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். அடுத்த நாள் இன்னொன்று: தொகுப்பு நூலில் இடம்பெற, கேடயம், சான்றிதழோடு சேர்த்து 1,500 ரூபாய். அதை நான் கட்டவில்லை. அதன் பிறகு அவர்களிடமிருந்து பேச்சே இல்லை.

இரண்டு மாதம் கழித்துக் கவிதை இதழில் வந்தது. ஐந்து இடத்தில் வரும் 'தாழி' ஐந்து இடத்திலும் 'தாலி' ஆகியிருந்தது. "வாய் உடைந்த தாழியில் காது வைத்தாள்" என்ற வரியில் தாழிக்குப் பதில் தாலியை வைத்து நீங்களே படித்துப் பாருங்கள். வரிகளை எல்லாம் ஒன்றாக ஓட்டி இரண்டு பத்தி ஆக்கியிருந்தார்கள். கீழே என் பெயர், ஊர், படம். என் மாமியார் ஆசையாகப் போனை வாங்கிப் படித்தார்கள். "யாருக்கம்மா தாலி உடைஞ்சது?" என்று கேட்டார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வெளியிடும் முன் நான் பார்த்துத் திருத்தப் பிழைத்திருத்தப் படி (ப்ரூஃப்) அனுப்பவே இல்லை. போன் செய்தால், "ஸ்பெல்லிங் சரிபார்த்துத்தான் போட்டோம் மேடம்" என்றார் ஒருவர். திருத்தச் சொல்லி நான்கு தடவை எழுதினேன், பதில் இல்லை. சரி, எடுத்தாவது விடுங்கள் என்றதும் பதில் வந்தது. ஒன்பதாவது நிபந்தனைப்படி மொழிபெயர்ப்பு, ஒலி, காட்சி வடிவம் உட்பட முழு உரிமையும் என்றென்றைக்கும் இதழுக்கே என்றார்கள்.

இது வெறும் காகித விஷயம் இல்லை. எனக்குத் தெரிந்த ஆங்கிலப் பேராசிரியை ஒருவர் அந்தக் கவிதையை ஆசையாக மொழிபெயர்த்து வைத்திருந்தார். 2000-இல் தொடங்கிய ஸ்டிரேஞ்ச் ஹொரைசன்ஸ் போன்ற ஆங்கில அறிபுனை இணைய இதழ்கள் அனுப்புகிறவரிடம் காசு கேட்பதில்லை. கவிதை வெளியானால் அவர்கள்தான் பணம் தருகிறார்கள். மொழிபெயர்ப்புகளுக்கென்று அவர்களுக்குச் சமோவார் என்ற தனி இதழும் உண்டு. ஆனால் மொழிபெயர்ப்பை அனுப்பும்போது மூலத்தின் உரிமை யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி வரும். "உரிமை உங்ககிட்ட இருக்கா?" என்று அந்தப் பேராசிரியை கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. மொழிபெயர்ப்பு அவர் மேசையிலேயே கிடந்தது.

கடைசியில் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் போனேன். "தாயி, டிக் அடிச்சது கையெழுத்துன்னு அவன் சொல்லட்டும், பாத்துக்கிடுவோம்" என்றார். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி உரிமையை எழுதிக்கொடுக்க எழுத்தும் கையொப்பமும் வேண்டும். வாங்கிய உரிமையை ஒரு வருஷத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு விதமாக எழுதியிருந்தால் ஒழிய, அது காலாவதி ஆகிவிடும். 57-ஆம் பிரிவு இன்னும் முக்கியம். உரிமையையே கொடுத்துவிட்டாலும், எழுதியவருடைய மதிப்பைக் கெடுக்கும்படி படைப்பைச் சிதைத்தால் தட்டிக்கேட்கலாம். இந்த இரண்டு பிரிவையும் குறிப்பிட்டு அவர் ஒரு மின்னஞ்சல் அடித்துக்கொடுத்தார். மூன்றாம் நாள் கவிதையை எடுத்துவிட்டார்கள். மன்னிப்பும் இல்லை, 300 ரூபாயும் இல்லை.

அனுப்புகிறவர்களே, முதல் வெளியீட்டு உரிமை, அதாவது முதல் தடவை வெளியிடும் உரிமை மட்டும்தான் கேட்கிறார்களா என்று பாருங்கள். "முழு உரிமை", "என்றென்றைக்கும்" என்று இருந்தால் வேண்டாம். பிழைத்திருத்தப் படி வருமா என்று எழுத்தில் கேளுங்கள். பழைய இதழில் இரண்டு கவிதையாவது படித்து, வரி உடைப்பு ஒழுங்காக இருக்கிறதா என்று கவனியுங்கள். எழுத்தும் வரியும் எப்படி இருக்க வேண்டும் என்று தெரிய, உங்கள் கவிதையை டைப் செய்த கோப்போடு பிடிஎஃப் ஒன்றும் சேர்த்து அனுப்புங்கள்.

இந்த வருஷ அறிவிப்பில் கட்டணம் 500 ஆகியிருக்கிறது. அந்தப் பிள்ளைகள் இருவரும் இன்னும் பணம் கட்டவில்லை. படிவத்தை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.